மூச்சுவிடும் ஜாக்கெட்

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இன்னும் வரவில்லை, ஆனால் வருகிற வழியில் இருக்கிறது என்றார் எங்கள் குடும்ப டொக்டர். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, மார்கழிக் கடைசி. மாத்திரை எழுதித் தருவார் என்று காத்திருந்தேன். அவரோ, வாரத்தில் நான்கு நாளாவது வியர்க்க வியர்க்க நடக்க வேண்டும், முடிந்தால் இடையிடையே ஓடவும் வேண்டும் என்றார். லண்டன் ஹவுன்ஸ்லோவில் மார்கழி மாதத்தில் எப்படி வியர்ப்பது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அப்போது நான் விமான நிலையத்தில் ஒரு பெர்ஃபியூம் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பின்னேர ஷிப்ட் உள்ள நாட்களில் காலை எனக்குச் சும்மா கிடக்கும். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா இருந்தது. நடுவில் குளம், அதைச் சுற்றித் தார் போட்ட பாதை. பஸ் தரிப்பில் நிற்பதற்காக வாங்கிய, முழங்கால் வரை வரும் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு, அதற்குள் பருத்திச் சட்டையும் கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன்.

மூன்றாவதோ நான்காவதோ நாள், கட்டாத பெரிய கறுப்பு நாய் ஒன்று புல்வெளியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு என்னை நோக்கிப் பாய்ந்து வந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்று, கையை ஓங்கி, ஊரில் நாய் விரட்டுகிற மாதிரி "அடிக்!" என்று ஒரு சத்தம் போட்டேன். ஆங்கில நாய்க்கு என்ன விளங்கியதோ, அப்படியே புல்லில் குந்திவிட்டது. அதன் சொந்தக்காரி தூரத்திலிருந்து ஏதோ முணுமுணுத்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அதற்கு அடுத்த கிழமைதான் ஒரு பெண் என்னிடம் வந்து பேசினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, மெல்லிய பச்சை ஜாக்கெட், காலோடு ஒட்டிய காற்சட்டை. பூங்கா வாசலில் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தவள், நான் வருவதைக் கண்டதும் நேரே வந்தாள்.

"அக்கா, நீங்க தமிழா?"

"ஓம். நான் யாழ்ப்பாணம். நீங்கள்?"

"மலேசியாக்கா, ஈப்போ. இங்க படிக்க வந்தேன், அப்படியே தங்கிட்டேன். உங்க நடை ரொம்ப நல்லா இருக்கு. நானும் கூட வரலாமா?"

என் நடை நல்லா இருக்கிறதாம். தடித்த கோட்டுக்குள் மூச்சு வாங்க அசைந்துகொண்டு போகிற என்னைப் பார்த்து யாராவது அப்படிச் சொன்னால், அவர் ஒன்றில் குருடர், இல்லாவிட்டால் எதையோ விற்க வந்தவர்.

எனக்கு இது தெரியும், ஏனென்றால் அதுதான் என் தொழில். கடையில் எங்களுக்குப் பயிற்சி தந்தபோது முதலில் சொன்னது, பொருளைப் பற்றிப் பேசாதே என்பதுதான். எங்கே பயணம் போகிறீர்கள் என்று கேள். கழுத்தில் கிடக்கிற சால்வை அழகாக இருக்கிறது என்று சொல். கொஞ்சத் தூரம் கூட நட. போத்தல் அவர்கள் கைக்குப் போவது கடைசியில். நான் ஒரு நாளைக்கு நூறு தடவை சிரிக்கிற சிரிப்பை அந்தப் பெண்ணின் முகத்தில் கண்டேன்.

அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "என்ன விக்கிறாவாம்?"

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

"என்ன வேலையாம்?"

"மருந்துக் கம்பெனியிலயாம்."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "சரி, அப்ப விற்றமின் குளிசைதான்."

எங்களுக்கு அனுபவம் இருந்தது. அந்த ஆண்டுகளில் லண்டன் தமிழர் வீடுகளில் ஆள் சேர்த்துச் சாமான் விற்கிற வியாபாரம் ஒரு தொற்றுநோய் போலப் பரவியிருந்தது. பல வருடம் காணாத ஒருவர் போன் எடுப்பார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று குடும்பத்தோடு வருவார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ஒரு வெள்ளைத்தாளை விரித்து, நடுவில் ஒரு வட்டம் போட்டு, "இது நீங்கள்" என்பார். அதற்குக் கீழே ஆறு வட்டம். அவை நீங்கள் சேர்த்துவிட வேண்டிய ஆட்கள். அந்த ஆறுக்கும் கீழே இன்னும் எத்தனையோ. என் கணவரோடு ஒரே வகுப்பில் படித்தவர் ஒருவர் அப்படி வந்து போனதன் பயனாக, மாடிப்படிக்குக் கீழே உள்ள எங்கள் அலுமாரி முழுவதும் சவர்க்காரத் தூளும் புரத மா டப்பாக்களும் அடுக்கியிருந்தன. அதற்குப் பிறகு யார் எங்களைப் பார்த்து முகம் மலர்ந்தாலும், எங்கள் கண் அவர்களின் கைப்பைக்குள் தாள் இருக்கிறதா என்றுதான் தேடும்.

ஆனாலும் அவள் கூட வருவதை நான் தடுக்கவில்லை. பொதுப் பூங்காவில் எப்படித் தடுப்பது? அதோடு, அவள் எப்போது பையைத் திறக்கிறாள் என்று பார்க்கிற ஆவலும் இருந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. வீடு சொந்தமா வாடகையா, சம்பளம் போதுமா, ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை, தாய் தகப்பன் எங்கே என்று சுற்றுக்கு ஒரு கேள்வியாகக் கேட்டேன். அவள் சிரித்துச் சிரித்துச் சுருக்கமாகப் பதில் சொன்னாள். ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. குளத்தின் அந்தப் பக்கம், மரங்கள் அடர்ந்த இடம் வந்ததும் அவள் பேச்சை நிறுத்தி, எனக்கு இடப் பக்கமாக வந்துவிடுவாள். அந்த இடத்தில் என்னை வேகமாக நடக்கச் செய்வாள். அங்கே யாரையாவது சந்திக்கத் திட்டமிருக்கிறதோ என்று நான் ஒவ்வொரு மரத்தின் பின்னாலும் பார்ப்பேன்.

தைமாதத்தில் ஒரு காலை, புல்லெல்லாம் உறைபனி. அன்று அவள் என்னை முதல் தடவையாக ஓட வைத்தாள். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், பிறகு ஒரு கம்பத்துக்கு நடை. மூன்று சுற்று முடிந்தபோது கோட்டுக்குள் அடுப்பு எரிவது போலிருந்தது. முதுகில் வியர்வை வழிந்தது. "எனக்கு இனி ஏலாது பிள்ளை" என்று குளத்தங்கரையில் கிடந்த மர வாங்கில் குந்தினேன். அப்போது காற்று அடித்தது. நனைந்த பருத்திச் சட்டை முதுகோடு ஒட்டி ஐஸ்கட்டியாகிவிட்டது. பல் கிட்டத் தொடங்கியது. வாயைத் திறந்தால் சொல் வரவில்லை.

அவள் என் கோட்டின் சிப்பை இழுத்துத் திறந்து, உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். தன் பையிலிருந்து ஒரு துவாயை எடுத்து என் முதுகுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகினாள்.

"அக்கா, இது ஜாக்கெட் இல்ல லா, மெத்தை. சூடு வெளிய வரவும் முடியல, வேர்வை வெளிய போகவும் முடியல. ஓடுறதுக்கு லேசா, மூச்சுவிடுற துணியில ஒண்ணு வாங்கணும். நான் ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

எனக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தாலும் காது நன்றாக வேலை செய்தது. 'ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்.' வந்துவிட்டது. விற்றமின் அல்ல, ஜாக்கெட்.

கடை ரிச்மண்டில் ஒரு ஒடுக்கமான சந்துக்குள் இருந்தது. வழியெல்லாம் பஸ்ஸில், அந்தக் கடை உமக்கு நல்ல பழக்கமோ என்று கேட்டேன். "எப்பவோ ஒரு தடவ போயிருக்கேன்" என்றாள். கடைக்காரர் மெலிந்த, நரைத்த ஆங்கிலேயர். முன்பு நிறைய ஓடியவர் என்று அவருடைய ஒட்டிய கன்னங்களே சொல்லின. எங்களைக் கண்டதும் அவர் அவளைப் பார்த்து, "மறுபடியும் வந்துவிட்டீர்களா! போன வாரம் சொன்ன சிநேகிதி இவர்தானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவள் முகம் ஒரு கணம் மாறியது. நான் கண்டேன்.

கடைக்காரர் மூன்று ஜாக்கெட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று கனமானது, அசைந்தால் சரசரவென்று சத்தம் போடும். எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு துளி உள்ளே போகாது. இன்னொன்று பூனைக்குட்டி போல மெத்தென்றது. மூன்றாவது, வெங்காயத்தோல் மாதிரி ஒன்று. கையில் எடுத்தால் பாரமே தெரியவில்லை. கண் கூசும் மஞ்சள். ரோட்டில் குழி தோண்டுகிற கவுன்சில் ஆட்கள் போடுகிற அதே மஞ்சள்.

நான் முதலாவதை எடுத்தேன். கொடுக்கிற காசுக்குக் கையில் ஏதாவது கனமாக இருக்க வேண்டும். அவளும் கடைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வாங்க வந்தவர் பிழையான போத்தலைத் தொட்டதும் நானும் என்னோடு வேலை செய்யும் தோழியும் பார்த்துக்கொள்வதும் அப்படித்தான்.

கடைக்காரர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். முழுக்கத் தண்ணீர் தடுக்கிற துணி ஓடுகிறவருக்கு உதவாது, பொலித்தீன் பைக்குள் ஓடுவது போல இருக்கும்; வெளியே மழை நனைக்காது, உள்ளே வியர்வை நனைக்கும். மெத்தென்றது காற்றைத் தடுக்காது. மூன்றாவதை அவர் உட்புறம் வெளியே வரத் திருப்பிக் காட்டினார். நெஞ்சுப் பக்கமும் கையின் முன்பக்கமும் காற்று நுழையாத துணி. முதுகில், தோளுக்குக் கீழே ஒரு மடிப்பு, அதற்குள் வலை. அக்குளுக்குக் கீழே இரண்டு சிப், சூடு ஏறினால் திறந்துவிடலாம். குனிந்தாலும் இடுப்பு தெரியாதபடி பின்பக்கம் கொஞ்சம் நீளம். வெளியே இறங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும், குளிராவிட்டால் கூடுதலாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம் என்றார். உள்ளே பருத்தி கூடவே கூடாதாம்.

குளிருக்குப் போடுகிற உடுப்பு குளிர வேண்டுமாம். விற்கிறவர்கள் வாயில் என்னதான் வராது என்று நினைத்துக்கொண்டேன். "உந்தப் பேப்பர் மாதிரிச் சாமான் குளிரைத் தாங்குமே?" என்று அவளிடம் தமிழில் கேட்டேன்.

"போட்டுப் பாருங்கக்கா."

போட்டேன். தோளில் இறுக்கமில்லை. சிப் மேல்வரை ஏறியது. இந்த நாட்டில் விளையாட்டுக் கடைகளில் என் உடம்புக்கு ஏற்ற உடுப்பு ஒருபோதும் இருந்ததில்லை. இங்கே அதுவும் மேசையில் தயாராகக் காத்திருந்தது. சந்தேகம் கூடியது. ஆனால் குளத்தங்கரையில் நடுங்கியது நினைவில் இருந்ததால் வாங்கிவிட்டேன். வெளியே வந்ததும், உமக்கு இதில் கொமிஷன் எவ்வளவு என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

வீட்டில் பரிசோதனையை ஆரம்பித்தேன். குழாயைத் திறந்து நெஞ்சுப் பக்கத்தை நீட்டினேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. வாயை வைத்து ஊதினேன். முன்பக்கத்தில் காற்றுப் போகவில்லை, வலையில் போனது. அதுவரை சரி. ஆனால் காற்றுப் போகாத துணி எப்படி மூச்சுவிடும்? சோறு கொதித்துக்கொண்டிருந்த பானைக்கு மேலே துணியை இழுத்துப் பிடித்து, மறுபக்கம் என் முகப்பவுடர்க் கண்ணாடியைக் காட்டினேன். கண்ணாடியில் மெல்லிய ஆவி படிந்தது. ஆனால் அது துணிக்குள்ளால் வந்ததா, பக்கத்தால் சுற்றி வந்ததா?

என் கணவர் குசினி வாசலில் வந்து நின்றார். "இஞ்சாரும், என்ன, ஜாக்கெட்டை அவிக்கிறீரோ?"

"மூச்சு விடுதோ எண்டு பாக்கிறன்."

"அதை விடும். உந்த மஞ்சளைப் போட்டுக்கொண்டு போனால் உம்மை ரோட்டு வேலைக்குக் கூப்பிடப் போறாங்கள்."

அடுத்த நாள் அதைப் போட்டுக்கொண்டு போனேன். முதல் பத்து நிமிடமும் கடைக்காரரை மனதுக்குள் திட்டினேன். பிறகு குளிர் எப்போது போனது என்று தெரியவில்லை. இரண்டாம் சுற்றில் அக்குள் சிப்பைத் திறந்தேன். மூன்று சுற்று முடிந்து அதே வாங்கில் இருந்தபோது காற்று அடித்தது. நடுக்கம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. முதுகைத் தடவிப் பார்த்தேன்; ஈரலிப்புத்தான், நனையவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிக்கா?"

"பரவாயில்லை" என்றேன். அவ்வளவுதான் சொல்ல மனம் வந்தது.

மாசி நடுவில் ஒரு நாள், பிரிகிற நேரத்தில் அவள் சொன்னாள்: "அக்கா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு டீ சாப்பிட வாங்க. ஒரு விஷயம் பேசணும். அண்ணனும் வந்தா நல்லது."

ஒரு விஷயம் பேச வேண்டும். புருஷனும் வர வேண்டும். வட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் சொல்வது இதே இரண்டு வசனம்தான். எனக்குள் ஒரு வெற்றியும் கூடவே ஒரு கவலையும் வந்தன. அந்தக் கவலை எனக்கே புதினமாக இருந்தது. ஒன்றரை மாதமாக அவளோடு நடந்ததில், நான் நினைத்தது பிழையாகப் போகட்டும் என்று உள்ளுக்குள் எங்கேயோ ஆசைப்படத் தொடங்கியிருந்தேன்.

என் கணவர் போருக்குப் போகிறவர் போலப் புறப்பட்டார். "கையெழுத்து மட்டும் வைச்சுப்போடாதையும். யோசிச்சுச் சொல்லுறம் எண்டு சொல்லுவம். கனக்கக் கதைச்சா, எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது எண்டு நான் எழும்புறன்."

அவளுடைய வீடு ஒரு படுக்கையறை உள்ள சின்ன ஃபிளாட். கறிபப் என்று கறி அடைத்துப் பொரித்த பலகாரமும் நுரை பொங்கும் தேநீரும் தந்தாள். மேசையின் மற்ற ஓரத்தில் ஒரு நீலக் கோப்பு இருந்தது. அதற்கு மேலே ஒரு பேனா. என் கணவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

அவள் கோப்பைத் திறந்து ஒரு படிவத்தை என் முன்னால் தள்ளினாள். "அக்கா, உங்க கிட்ட ஒரு உண்மையச் சொல்லணும். நான் சும்மா உங்க கூட நடக்க வரல."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"போன வருஷம் அந்தக் குளத்துக்குப் பின்னாடி, மரம் இருக்கிற இடத்துல, ஒரு நாய் என் மேல பாஞ்சு தள்ளிடுச்சு. கை ஒடைஞ்சு போச்சு." வலக்கை மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒரு தழும்பு இருந்தது. "நாயக் கூட்டிட்டு வந்த ஆளு, அது வெளையாடுதுன்னு சொல்லிச் சிரிச்சாரு. அதுக்கப்புறம் பதினோரு மாசம் என்னால அந்த கேட்டைத் தாண்டி உள்ள போக முடியல. தெனமும் வந்து வாசல்ல நின்னு காலை நீட்டிட்டுத் திரும்பிப் போயிருவேன். ஒருநாள் நீங்க அந்தக் கறுப்பு நாயை ஒரு சத்தம் போட்டு உக்கார வெச்சீங்க. இவங்க கூடப் போனா போகலாம்னு தோணுச்சு. ஆனா உங்க கிட்ட வந்து பேசவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு."

மரங்கள் வருகிற இடத்தில் அவள் ஏன் பக்கம் மாறினாள் என்பது அப்போதுதான் விளங்கியது. நாய்க்கும் அவளுக்கும் நடுவில் நான் இருக்க வேண்டும்.

"பங்குனியில பெண்களுக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் ஒண்ணு இருக்கு. வருஷா வருஷம் ஓடுவேன், போன வருஷம் மட்டும் இல்ல. வேற ஒரு பெரிய பார்க்லதான், நாயெல்லாம் வரும். நீங்க கூட வந்தா ஓடுவேன். நடந்தாக்கூடப் போதும். அதான் அண்ணன் கிட்டயும் கேட்கலாம்னு."

என் கணவர் மூக்குக்கண்ணாடியை மாட்டி, படிவத்தின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படித்தார். பிறகு மிகவும் மரியாதையான குரலில் கேட்டார்: "தங்கச்சி, இதில எங்களுக்குக் கீழ எத்தினை பேரைச் சேர்க்க வேணும்?"

அவளுக்கு விளங்கவில்லை. "கீழயா?"

நான் வெட்கத்தோடு விளங்கப்படுத்தினேன். வட்டங்கள், சவர்க்காரத் தூள், விற்றமின், கொமிஷன் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"அக்கா, நான் உங்கள அப்படி நெனச்சேன்! பெர்ஃபியூம் கடைன்னு சொன்னீங்க. சம்பளம் எவ்வளவு, வீடு சொந்தமான்னு எல்லாம் கேட்டீங்க. சரி, என்னைக்காவது ஒரு பெரிய பெட்டியத் தூக்கிட்டு வருவாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

"நாங்கள் எல்லாரிட்டையும் உப்பிடித்தான் கேக்கிறது" என்றார் என் கணவர், கொஞ்சம் மனம் நொந்தவராக.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது. அதையும் கேட்டுவிட்டேன். "அந்தக் கடைக்கு எப்பவோ ஒருக்காத்தான் போனதெண்டு ஏன் பொய் சொன்னனீர்?"

அவள் தேநீரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "உங்க சைஸ் இருக்கான்னு முன்னாடியே போய்க் கேட்டு, எடுத்து வெக்கச் சொன்னேன். நேரா கூட்டிட்டுப் போயி, இல்லேன்னு சொல்லிட்டாங்கன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல. முன்னாடியே கேட்டேன்னு சொன்னாலும் சங்கடம்."

நான் எழுந்து குசினிக்குப் போய்க் கோப்பைகளைக் கழுவினேன். கழுவ ஒன்றும் அவசரமில்லை. அப்போது அவர்கள் இருவருடைய முகத்தையும் பார்க்க என்னால் முடியவில்லை. நான் கொடுக்காத நம்பிக்கையை எனக்குத் தந்துவிட்ட ஒருத்தியை ஒன்றரை மாதமாகக் கள்ளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதைவிட, கடையில் அந்தச் சிப் மேல்வரை ஏறியபோது எனக்கு வந்திருக்க வேண்டிய சந்தோஷத்தையும் நானே கெடுத்திருக்கிறேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டேன். பேனாவை எடுத்துத் தந்ததே என் கணவர்தான்.

பங்குனி ஓட்டத்தன்று மெல்லிய மழைத்தூறல். ஆயிரக்கணக்கான பெண்கள். முதல் நான்கு கிலோமீட்டரை நாங்கள் ஓட்டமும் நடையுமாகக் கடந்தோம். அதற்குப் பிறகு நடையும் மூச்சுவாங்கலும்தான். அவள் நினைத்தால் என்னை விட்டுவிட்டு எங்கேயோ போயிருக்கலாம். போகவில்லை. பார்க்க வந்தவர்கள் நாய்களைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றார்கள். ஒவ்வொரு நாய் வரும்போதும் அவள் என் மற்றப் பக்கத்துக்கு மாறினாள். பயம் போகவில்லை. முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் கால் நிற்கவில்லை. ஒன்பதாவது கிலோமீட்டரில் அவள் பக்கம் மாறி மாறி எனக்கே தலை சுற்றியது. "நீர் ஒரு பக்கத்தில நில்லும், நான் மாறுறன்" என்றேன். அப்படியே செய்தோம்.

முடிவுக் கோட்டைத் தாண்டியபோது எங்களுக்குப் பின்னால் அதிகம் பேர் இருக்கவில்லை. கழுத்தில் பதக்கம் போட்டார்கள், கையில் ஒரு வாழைப்பழம் தந்தார்கள். அவள் புல்லில் குந்தியிருந்து அழுதாள். நான் பக்கத்தில் இருந்து வாழைப்பழத்தைச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

திரும்பும்போது நிலக்கீழ் ரயில் நிலையத்தில் தானாக நகரும் மின்படி வேலை செய்யவில்லை. கல்படியில் காலை வைத்ததும் இருவருக்கும் முழங்கால் மடியவில்லை. எங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போன என் கணவர் கீழே நின்று, "சுணங்காமல் வாங்கோ, ரயில் வரப்போகுது" என்று கத்தினார். நாங்கள் சுவரோரமாகத் திரும்பி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினோம். ரயில் வந்து போன சத்தம் கேட்டது. அடுத்ததும் போனது.